ஜெபிக்கிறேன் என்று எழுதினேன், ஜெபிக்கவில்லை



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக வாசியுங்கள். உங்களில் நிறையப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. ஒரு தப்பை ஒத்துக்கொள்ளவும், அந்தத் தப்பு எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லவும்தான் எழுதுகிறேன். உங்கள் தப்புகளை எத்தனையோ தடவை சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். இன்றைக்கு என் முறை.

போன வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் டெங்குக் காய்ச்சல். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அவன் மனைவிக்கு டெங்கு, ஐசியூவில் வைத்திருக்கிறார்கள், பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது, "ஜெபிச்சுக்கோங்க ஐயா" என்று எழுதியிருந்தான்.

உடனே பதில் போட்டேன். "கட்டாயம் ஜெபிக்கிறேன் தம்பி. கர்த்தர் பார்த்துக்கொள்வார்." கூடவே கைகூப்பும் படம் மூன்று. பிறகு போனை மேசையில் வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பேத்தியின் பள்ளிக்கூட விழா. அதற்கு அடுத்த நாள் ஒரு கல்யாண வீடு. அந்தச் செய்தி மற்ற செய்திகளுக்கு அடியில் போய்விட்டது. ஒரு தடவைகூட நான் முழங்கால் படியிடவில்லை. அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்றுகூட அவனிடம் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். கையில் ஒரு பை சாத்துக்குடி. அந்தப் பிள்ளை மெலிந்துபோய், ஆனால் சிரித்த முகமாக இருந்தாள். உட்கார்ந்ததும் அவன் சொன்னான்: "உங்க ஜெபந்தான் ஐயா இவளைக் காப்பாத்துச்சு. ராத்திரி ஐசியூ வாசல்ல உக்காந்திருக்கும்போது, தமிழய்யா நமக்காக முழங்கால்ல நிக்காருன்னு நினைச்சுக்குவேன். அதுதான் தெம்பு."

காப்பி எடுத்து வருகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சொல்லாமல் விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை, அவனுக்கும் சந்தோஷம் என்று ஒரு நினைப்பு வந்தது. எழுபது வயதுக்கு மேல் இப்படி ஒரு நினைப்பு வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னேன். "தம்பி, நான் ஜெபிக்கல. பதில் போட்டுட்டுத் தூங்கிட்டேன். மறந்தும் போயிட்டேன். என்னை மன்னிச்சிரு."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள்தான் பேசினாள். "பரவால்ல ஐயா. இவனுக்கு இந்த வருஷம் பிளஸ் டூ. இவனுக்கு மறக்காம ஜெபிங்க" என்று மகனைக் காட்டினாள். அப்புறம்தான் அவனும் சிரித்தான். நான் அவள் பெயரையும் பையன் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன பிள்ளைகள் என் மனைவியை "அம்மா" என்றுதான் கூப்பிடுவீர்கள். 2018-ல் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. எட்டு மாதம் இருந்தாள். அந்த எட்டு மாதமும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து ஜெபித்தேன். சபையார் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். சவூதியிலும் சிங்கப்பூரிலும் இருந்த நம் பிள்ளைகள் ஜெபித்தார்கள். இந்துப் பிள்ளைகள் சிலர் அவரவர் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தார்கள். அதையும் நான் மறக்கவில்லை. அவள் போய்விட்டாள்.

இப்போது கேள்வி புரிந்திருக்கும். நான் ஜெபிக்காத பெண் பிழைத்தாள். நான் உயிரைக் கொடுத்து ஜெபித்தவள் பிழைக்கவில்லை. அப்படியானால் ஜெபம் எதற்கு?

இதற்கு நம் மத்தியில் சுலபமான பதில் ஒன்று இருக்கிறது. அந்தப் பதிலோடு ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். யார் என்று சொல்ல மாட்டேன். அவள் படுக்கையில் கிடந்த கடைசி மாதம் அது. தலைமாட்டில் நின்று ஜெபித்துவிட்டு, "முழு விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்காமல் போகாது. வீட்டில் ஏதாவது அறிக்கை செய்யாத பாவம் இருக்கிறதா பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தவள், அன்று ராத்திரி முழுவதும் "நான் என்ன தப்புங்க செஞ்சேன்?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாற்பத்தொரு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவளுக்கு அந்த ஒரு ராத்திரி என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இன்றைக்குச் சொல்கிறேன். அந்தப் பதில் தப்பு. வேதத்தை வைத்தே தப்பு.

பவுல் தன் சரீரத்தில் இருந்த ஒரு முள்ளைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் சொல்கிறார். அதை எடுத்துவிடும்படி மூன்று தடவை கேட்டார். முள் போகவில்லை, தாங்குவதற்குக் கிருபை கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா?

அதைவிடப் பெரிய சாட்சி கெத்செமனே தோட்டம். பாடுகளின் பாத்திரம் தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று இயேசுவே கேட்டார். பிதாவின் சித்தமே நடக்கட்டும் என்றும் சேர்த்தே கேட்டார். மத்தேயு எழுதின சுவிசேஷத்தின்படி மூன்று தடவை ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. மறுநாள் சிலுவை. கேட்டது கிடைக்காவிட்டால் விசுவாசம் குறைவு என்ற கணக்கை அந்தத் தோட்டத்தில் போட்டுப் பாருங்கள். கணக்கே தப்பு என்று தெரிந்துவிடும்.

அதே தோட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. இயேசு தம்மோடு மூன்று சீஷர்களைக் கூட்டிக்கொண்டு போய், தம்முடன் விழித்திருக்கும்படி கேட்டார். சிலுவையைத் தடுத்து நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை. கூட முழித்திருங்கள் என்றுதான் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். இந்த இடத்தை ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து நூறு தடவை வாசித்திருப்பேன். "பாவம், களைப்பு" என்று சீஷர்களுக்காகப் பரிந்தும் பேசியிருக்கிறேன். இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முன்னே வாசித்தபோதுதான், அந்தத் தூக்கம் என் தூக்கம் என்று பட்டது. ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தவன் என்னிடம் கேட்டதும் அதுதான். ஐயா, என்னோடு கொஞ்சம் முழித்திருங்கள். நான் மூன்று படத்தை அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

உண்மையாகவே அன்று ராத்திரி பத்து நிமிஷம் அந்தப் பிள்ளைக்காக ஜெபித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவள் ரத்தம் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, அது தேவனுடைய காரியம். ஆனால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியும். முழங்காலில் நின்று ஒருத்தியின் பெயரைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பெயரைக் கேட்டிருப்பேன். ரத்தம் கொடுக்க ஆள் கிடைத்ததா என்று காலையில் போன் செய்திருப்பேன். அந்த ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். பஸ் ஏறியிருப்பேன். அவனுக்கு ஒரு வேளைச் சோறாவது வாங்கிக் கொடுத்திருப்பேன். ஜெபிக்காததால்தான் எதுவுமே செய்யாமல் இருக்க முடிந்தது.

"அப்படியானால் ஜெபம் என்பது நாமே நம்மைத் தட்டி எழுப்பிக்கொள்வதுதானா?" என்று கேட்பீர்கள். இல்லை. கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை போய்விட்டால் ஜெபம் தனக்குத்தானே பேசிக்கொள்வதாகிவிடும். ஆனால் நாம் கேட்கிறதற்கு முன்பே நம் தேவை என்ன என்று பிதாவுக்குத் தெரியும் என்று மலைப்பிரசங்கத்திலேயே இருக்கிறது. அவருக்குத் தகவல் சொல்ல நாம் ஜெபிக்கவில்லை. தெரிந்த அவர் முன்னால், தெரியாத நாம் போய் நிற்பதுதான் ஜெபம். அப்படி நின்றுவிட்டு வருகிறவன், போனபோது இருந்த மாதிரியே திரும்பி வர முடியாது.

தமிழாசிரியன் இலக்கணம் பேசாமல் விட்டால் உங்களுக்கே ஏமாற்றமாக இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் தன்மைப் பன்மை நடத்தியது நினைவிருக்கிறதா? "நாம்" என்றால் எதிரே நின்று கேட்கிறவரும் சேர்த்தி. அது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. "நாங்கள்" என்றால் கேட்கிறவர் சேர்த்தி இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். இயேசு சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் தமிழர்களாகிய நாம் "எங்கள்" என்றுதான் சொல்கிறோம். பிதாவைப் பார்த்துப் பேசும்போது "நம்" என்று சொல்ல முடியாது. அவர் ஒரு பக்கம், நாங்கள் எல்லோரும் ஒரு பக்கம்.

அந்த ஜெபத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். "என்" என்றோ "எனக்கு" என்றோ ஒரு இடத்தில்கூட வராது. அப்பம் கேட்பதும் எங்களுக்கு. மன்னிப்புக் கேட்பதும் எங்களுக்கு. தீமையிலிருந்து காக்கக் கேட்பதும் எங்களை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், ஜெபிக்கும்போது தெருமுனையில் நின்று ஜெபிக்காதே, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபம் செய் என்கிறார். அதற்குப் பின் சில வரிகளிலேயே இந்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். அறைக்குள் இருக்கிறவன் ஒற்றை ஆள். கதவும் பூட்டியிருக்கிறது. ஆனாலும் அவன் "எங்கள்" என்றே பேச வேண்டும். தனியாக இருந்தாலும் ஊரையும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்துதான் பிதாவிடம் பேச முடியும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். தெருமுனைக்குப் பதிலாக முகநூலில் நின்று, எல்லோரும் பார்க்க, "எனக்கு" என்று கேட்கிறோம்.

இதை எனக்கு முதலில் காட்டியவர் என் அப்பா. தேரிக்காட்டு ஊரில் எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அரிக்கேன் விளக்கு, ஒரு பாய், ஒரு பழைய வேதப்புத்தகம். அப்பா ஒரு அதிகாரம் வாசித்து முடிப்பதற்குள் தம்பி தூங்கியிருப்பான். பிறகு கீர்த்தனை ஒன்று. அப்புறம் அப்பாவின் ஜெபம். அவர் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் பெயர் சொல்லி ஜெபிப்பார். எங்களுக்கு அது முடியாத வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும்.

அந்தப் பட்டியலில் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டக்காரர் பெயரும் உண்டு. ஒரு வருஷம் அவருக்கும் அப்பாவுக்கும் வரப்புத் தகராறு வந்து, பேச்சுவார்த்தை நின்று, கோர்ட்டுக்குப் போகிற அளவுக்கு முற்றிவிட்டது. அன்று ராத்திரி அப்பா எல்லாப் பெயரையும் சொன்னார். அவர் பெயர் வருகிற இடத்தில் தாண்டிப் போய்விட்டார். ஆமென் சொல்லப் போகிற நேரம் அம்மா மெல்லச் சொன்னாள்: "ஒரு பேரு விட்டுப்போச்சே."

அப்பா ரொம்ப நேரம் பேசாமல் முழங்காலில் இருந்தார். எனக்குக் கால் மரத்துப்போனது. கடைசியில் அந்தப் பெயரை மட்டும் சொன்னார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தடுத்த ராத்திரிகளிலும் அப்படித்தான், வெறும் பெயர். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்களோ தெரியாது. கேஸ் நடக்கவில்லை. வரப்பு ஒரு முழம் எங்கள் பக்கம் தள்ளி வந்தது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

எதிராளியின் பெயரைத் தேவன் முன்னால் தினமும் சொல்லிவிட்டு அவனோடு சண்டையைத் தொடர முடியாது. ஒன்று சண்டையை விட வேண்டும், இல்லாவிட்டால் ஜெபத்தை விட வேண்டும். நம்மில் பலர் சத்தமில்லாமல் இரண்டாவதைத்தான் விட்டுவிடுகிறோம்.

"கேட்டது கிடைக்காதா அப்போ?" என்று என் தங்கச்சி கேட்பாள். கேள்வி நியாயமானது. கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். பிள்ளை அப்பாவிடம் கேட்காமல் யாரிடம் கேட்கும்? ஆனால் பதில் எந்த வாசல் வழியாக வரும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. மோனிக்கா அம்மாள் கதையைப் பாருங்கள். வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர். அவர் மகன்தான் பிற்காலத்தில் பெரிய வேத அறிஞரான அகுஸ்தீன். மகன் வழிதவறிப் போனானே என்று வருஷக்கணக்காக அழுது ஜெபித்தவர். 383-ல் மகன் ரோமாபுரிக்குப் புறப்பட்டபோது, அவன் போகக் கூடாது என்று ஒரு ராத்திரி முழுவதும் கடற்கரையோரச் சிற்றாலயத்தில் ஜெபித்தார். அதே ராத்திரி அம்மாவை ஏமாற்றிவிட்டு மகன் கப்பலேறிவிட்டான். கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பயணத்தின் வழியாகத்தான் அவர் மிலான் நகருக்குப் போய், அம்புரோஸ் ஆயரின் பிரசங்கத்தைக் கேட்டு, 387-ல் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். கடலைத் தாண்டக் கூடாது என்ற ஜெபத்துக்கு மறுப்பு, மகன் திரும்ப வேண்டும் என்ற ஜெபத்துக்குப் பதில். இரண்டும் ஒரே கப்பலில் போயின. விசாவுக்காக ஜெபித்துக் கிடைக்காமல் மனம் சோர்ந்திருக்கிற என் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

எல்லா மறுப்புக்கும் இப்படிக் காரணம் தெரிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூர். 1895-ல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த இடம். ஜெபமும் வேலையும் அங்கே ஒன்றுதான். ஜெபவீடும் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் இருக்கிறது. 1931-ல் அவர் விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமாகவே கழிந்தது. அவருடைய சுகத்துக்காக ஜெபிக்கத் தெரிந்த பிள்ளைகள் சுற்றிலும் இருந்தும், பழையபடி நடமாடும் சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். நானும் என் மனைவியும் ஒருமுறை அங்கே போயிருந்தோம். அவர் கல்லறையில் பெரிய கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டிதான் உண்டு. அவள் அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அப்போது அவளுக்கு நோய் இல்லை.

அந்தக் கடைசி மாதத்தில், அந்த மனிதர் வந்துபோன ராத்திரிக்குப் பிறகு, நான் ஜெபிக்கும் விதத்தை மாற்றினேன். "சுகம் கொடும்" என்று கேட்பதை நிறுத்தவில்லை. ஆனால் தனியாக மாடியில் போய் ஜெபிப்பதை நிறுத்திவிட்டு, அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். சில நாள் வார்த்தையே வராது. அவள்தான் ஒவ்வொரு பெயராகச் சொல்வாள். பிள்ளைகள் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர், மருந்து கொடுக்க வந்த நர்ஸ் பெயர். ஒரு நாள் அவளை நோகடித்துவிட்டுப் போனாரே, அவர் பெயரையும் சொன்னாள். எனக்கு அன்றைக்கு அது பிடிக்கவில்லை. இப்போது என் அம்மாவின் குரல் அதில் கேட்கிறது.

அவளுக்கு ஏன் சுகம் கிடைக்கவில்லை என்ற கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த ஒரு மாதம் அவள் தனியாக இல்லை, நானும் தனியாக இல்லை. ஜெபம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் அந்தக் கட்டிலைத்தான் காட்டுவேன்.

இனி ஒரு ஆசிரியனாகச் சில வார்த்தைகள்.

ஜெபத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். சொந்தத்தில் இரண்டு பேர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பவுல் தன்னோடிருந்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றுதான் எழுதுகிறார். பிள்ளைகளே, படிக்காத பாடத்துக்கு ஜெபம் பதில் எழுதாது. ஹால் டிக்கெட்டை ஆலயத்தில் வைத்து ஜெபிப்பதற்கு முன் புத்தகத்தைத் திறந்து வையுங்கள்.

நோயாளியைப் பார்க்கப் போனால் அவருடைய விசுவாசத்தை அளந்து பார்க்காதீர்கள். உங்கள் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தை அவருடைய ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிடும். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

முக்கியமாக, "ஜெபிக்கிறேன்" என்று யாருக்கும் எழுதுவதற்கு முன் ஜெபித்துவிடுங்கள். ஒரு நிமிஷம் போதும். போனைக் கீழே வைத்து, கண்ணை மூடி, அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம் "ஜெபித்தேன்" என்று எழுதுங்கள். முடியாவிட்டால் "செய்தி பார்த்தேன், கவலையாக இருக்கிறது" என்று மட்டும் எழுதுங்கள். அது பொய் இல்லை.

நான் இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் பெயரைத் தேதி போட்டு எழுதி, காலையில் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிக்கிறேன். அந்த டெங்குப் பிள்ளையின் பெயர்தான் முதல் பக்கத்தில் முதல் பெயர். அவள் மகனின் பெயர் இரண்டாவது. அவன் தேறிவிட்டான். மதிப்பெண் சுமார்தான். ஜெபம் குறைவு என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை.

கீழே வந்து "ஆமென்" என்று எழுதாதீர்கள். யாருக்காவது ஜெபிக்கிறேன் என்று சொல்லி மறந்திருந்தால், இன்றைக்கே அவரைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதுவே எனக்குப் போதும்.

நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது. பெயர் அனுப்ப விரும்புகிறவர்கள் அனுப்பலாம். எந்த மதத்துப் பெயரானாலும் சரி. தமிழய்யா இந்தத் தடவை தூங்க மாட்டார்.

அன்புடன்,
உங்கள் தமிழய்யா